ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குப் புள்ளி எட்டு

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.

அடுகோடியில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு ரேஷன் கடை உண்டு. அரிசி வரும் நாள்களில் அதன் வாசலில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கையிலுள்ள அட்டையில் குடும்பத் தலைவராக இருப்பதும் பெண்ணின் பெயரே. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 13ஆம் பிரிவில், 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரையே அட்டைக்குரிய தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்பதும் அதே சட்டத்தின் விதி. ஆணுக்கு எவ்வளவோ, பெண்ணுக்கும் அவ்வளவே. இது இயல்பானதாக நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் இந்த நிலப்பரப்பில் அரசு தானியம் அளந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், இந்தச் சமன்பாடு மிக அண்மைக் காலத்தது. அதற்கு முன்னர் நெடுங்காலம் பெண் ஒரு முழு எண்ணாக இருந்ததில்லை.

குடும்ப உணவுப் பாதுகாப்பின்மையை ஆராயும் இன்றைய எழுத்துகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே இனமும் பாலினமும் மையமான அலகுகள். 2023இல் அமெரிக்கக் குடும்பங்களுள் 13.5 விழுக்காடு உணவுப் பாதுகாப்பற்றவை என்று அந்நாட்டு வேளாண் துறை கணக்கிட்டது. வெள்ளையர் குடும்பங்களில் இது 9.9 விழுக்காடு, கறுப்பினக் குடும்பங்களில் 23.3 விழுக்காடு, கணவரின்றித் தாய் மட்டும் குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களில் 34.7 விழுக்காடு. நம் மாணவர்கள் இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு, இனம் என்ற இடத்தில் சாதி என்று எழுதிவிட்டுக் கள ஆய்வுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அதில் பிழையில்லை, ஆனால் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. சாதியும் இனமும் ஒரு குடும்பத்தின் பானைக்குள் எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வந்ததில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பாலினம் தீர்மானிக்கிறது. இவை அடுத்தடுத்து நிகழும் இரண்டு பெருக்கல்கள். முதற் பெருக்கலை மட்டும் குடும்பக் கணக்கெடுப்பு காண்கிறது. இரண்டாவது அடுப்படியில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. இவ்விரண்டும் தமிழர் வரலாற்றில் எங்கெல்லாம் ஆவணமாகியிருக்கின்றன என்பதே இப்பதிவின் பொருள்.

தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78 பெரும் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876இல் இரு பருவமழைகளும் பொய்த்தன. மதராஸ் மாகாணமும் மைசூரும் பம்பாய்த் தக்காணமும் ஐதராபாத்தும் வறண்டன. மைசூர் அப்போது பெங்களூரிலிருந்து ஆங்கிலேய ஆணையர்களால் நேரடியாக ஆளப்பட்டது. 1871 கணக்கெடுப்பில் 50,55,412ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1881இல் 41,86,188ஆகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை, எட்டரை லட்சத்துக்கும் மேல் சுருங்கிற்று. 

1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை லிட்டன் நடத்தினார். அதே மாதம், நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரணப் பணியில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறு தொகையும் போதும் என்று அவர் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. சிறுவருக்கு அதனினும் குறைவு. மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ், சிறைக் கைதிகளுக்கு வழங்கப்படும் உணவைவிட இது குறைவானது என்று சுட்டிக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் மதராஸ் அரசு அந்த அளவைக் கைவிட்டுக் கூலியை உயர்த்தியது.

டெம்பிள்–கார்னிஷ் விவாதத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. டேவிட் ஹால்-மேத்யூஸின் ஆய்வு இன்றும் பயன்தரக்கூடியது. எனினும் இந்த விவாதம் முழுவதும் ஆணின் உடலை அளவுகோலாகக் கொண்டே நடந்தது என்பதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு போதுமா, ஒன்றரை பவுண்டு வேண்டுமா என்பதே கேள்வி. பெண்ணின் அளவு அந்த விடையிலிருந்து கழித்துப் பெறப்படும் ஒரு பின்னம். டெம்பிளின் பக்கத்தில் இருந்த இன்னொரு எடுகோளையும் கவனிக்க வேண்டும்: இந்நாட்டுக் கூலியாள் குறைவாக உண்டு பழகியவன், ஆகவே குறைவாகவே கொடுக்கலாம். ஆளும் இனம் ஆளப்படும் இனத்தின் உடலைப் பற்றி வைத்திருந்த எண்ணம், முழு அளவையே முதலில் சுருக்கிற்று. சுருங்கிய முழுமையிலிருந்து பெண்ணின் பின்னம் எடுக்கப்பட்டது.

இந்தக் கூலியில் எழுந்தவை இன்றும் நம் கண்முன் இருக்கின்றன. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது. மாகாண ஆளுநரின் பெயரே அதற்கு. பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் இருப்புப் பாதையும் பஞ்ச நிவாரணப் பணியாகத் தொடங்கியதே. இந்தப் பாதையில் நான் பலமுறை பயணம் செய்திருக்கிறேன். மண்கூடை சுமந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் பெருந்தொகையினர் என்பதை அறிந்த பின்னர் மத்தூரில் வடை வாங்கும்போது சிறு தயக்கம் ஏற்படுகிறது.

நிவாரணம் பெறத் தகுதியானவர்களைப் பிரித்தறிய அரசு கையாண்ட முறைகளுள் ஒன்று தொலைவுச் சோதனை. அன்றாடம் வீட்டிலிருந்து போய்வர இயலாத தொலைவில் பணியிடத்தை அமைத்தால், மெய்யாகவே பட்டினி கிடப்பவர்கள் மட்டுமே வருவார்கள் என்பது அதன் தருக்கம். கைக்குழந்தையும் நடக்க இயலாத மாமியாரும் உள்ள பெண்ணுக்கு இதன் பொருள் என்னவென்று விதி வகுத்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபுறம், பஞ்சத்துக்குப் பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் 1880இல் அளித்த அறிக்கையும் அதனை ஒட்டிய பஞ்ச விதித் தொகுப்புகளும், வழக்கத்தால் வெளியே வர இயலாத பெண்களுக்கு வீட்டிலேயே இலவச உதவி அளிக்க இடம் தந்தன. மானம் என்பது சாதிக்குரிய ஒரு சொத்தாக அரசு ஏட்டில் பதிவானது இங்கேதான். உயர்குடிப் பெண்ணின் மறைவு மதிக்கப்பட்டு, தானியம் அவள் வாசலுக்குப் போயிற்று. சேரிப் பெண் வெளியே வருவது இயல்பென்று கொள்ளப்பட்டதால், அவள் பல மைல் நடந்து கல்லுடைத்துத் தன் பின்னத்தை ஈட்ட வேண்டியிருந்தது. இருவரும் பெண்களே; ஒரே பஞ்சமே.

கஞ்சித் தொட்டிகளிலும் இதே பிளவைக் காணலாம். சமைத்த உணவை யார் கையால் வாங்குவது, யாருக்கு அருகில் அமர்ந்து உண்பது என்ற அச்சம் சாதி இந்துக்களைத் தொட்டிகளிலிருந்து விலக்கி வைத்ததை அதிகாரிகள் திரும்பத் திரும்ப எழுதினர். வடலூரில் வள்ளலார் 1867இல் நிறுவிய சத்திய தருமச்சாலை சாதி பாராமல் சோறிட்டது இந்தப் பின்னணியில் எத்தனை பெரிய மீறல் என்பது விளங்கும். ஆனால் அரசு இத்தகைய மீறலுக்கு முற்படவில்லை. சாதியின் விருப்பத்துக்கு ஏற்ப நிவாரணத்தை வகைப்படுத்திற்று.

நிலமற்ற சாதிகளின் உணவு பஞ்சத்துக்கு முன்பே எப்படி அளக்கப்பட்டது என்பதற்குத் தமிழே சான்று. படியாள் என்ற சொல், படியால் அளந்த தானியத்தைக் கூலியாகப் பெறுபவன் என்ற பொருளில் வழங்கியது. படியளப்பது என்றால் வாழ்வளிப்பது. இந்தப் படியிலும் ஆண் கூலி வேறு, பெண் கூலி வேறு. விளைச்சல் இல்லாதபோது அளப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்டைக்குப் படியாளைக் காக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து எழுதிய குறிப்பு, குடியிருக்கும் மனைகூடத் தமக்கு உரிமையில்லாத குடும்பங்களைக் காட்டுகிறது. அமர்த்தியா சென் பின்னாளில் உரிமைப்பாடு என்று அழைத்ததன் வெறுமையை இதைவிடத் தெளிவாக விளக்கும் ஆவணங்கள் குறைவு.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் குறைவாக அளந்தார்கள் என்றால், பஞ்சத்தில் பெண்களே அதிகம் மடிந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. 1876-78இல் ஆண்களின் இறப்பே கூடுதலாக உயர்ந்தது. 1881 கணக்கெடுப்பில் மதராஸ் மாகாணத்தில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுந்திருந்தனர். தெற்காசியப் பஞ்சங்கள் பலவற்றிலும் இதே போக்கு உண்டு என்பதை டிம் டைசனின் மக்கள்தொகை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்ணுடலின் கொழுப்புச் சேமிப்பு, பஞ்சத்தில் கருவுறுதல் குறைந்து பேறுகால இறப்பும் குறைந்தமை, ஆண்கள் வேலை தேடி அலைந்து கொள்ளைநோய்க்கு இரையானமை என்று பல விளக்கங்கள் உள்ளன. எதுவாயினும், இறப்புப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பாலின ஏற்றத்தாழ்வைப் படிக்க முடியாது என்பது உறுதி. உயிர் பிழைத்தவள் எதை இழந்து பிழைத்தாள் என்பது வேறு ஏடுகளில் இருக்கிறது.

அத்தகைய ஏடுகளுள் ஒன்று, எதிர்பாராத வகையில், பம்பாய் நாணயச் சாலையின் கணக்கு. பஞ்ச ஆண்டுகளில் அங்கே உருக்குவதற்கு வந்து குவிந்த வெள்ளி நகைகளின் அளவு திடீரென உயர்ந்தது. மக்களிடம் சேமிப்பு இருந்தது என்பதற்குச் சான்றாக அக்காலத்தவர் அதனைக் கொண்டனர். யாருடைய சேமிப்பு? காப்பும் தண்டையும் கொலுசும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. பெரும்பாலான குடும்பங்களில் அவளுக்கென்றிருந்த ஒரே சொத்து. நெருக்கடியில் முதலில் விற்கப்படுபவை பெண்ணின் நகையும் சமையல் பாத்திரங்களும், இறுதியில் விற்கப்படுவது ஆணின் பெயரிலுள்ள நிலம் என்று பினா அகர்வால் எழுதியிருக்கிறார். பஞ்சம் நீங்கியபின் நிலமுள்ள ஆண் மீண்டும் உழவனானான். நகை இழந்த பெண், கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், திரும்புவதற்கு ஓர் இடமும் இல்லாதவளானாள்.

பஞ்சம் தள்ளிவிட்டவர்களில் பலர் கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். பின்னம் அங்கேயும் உடன் சென்றது. அதுவும் சட்டத்தின் எழுத்தாகவே. 1927இல் இலங்கையில் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் பெயரிலேயே இந்தியத் தொழிலாளரைச் சுட்டியது. இன அடையாளத்தின் பேரில் கூலி நிர்ணயம். அதன்படி மலையகத்தின் உயர் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. தாழ்நிலப் பகுதியில் முறையே 50, 40, 30. நாற்பதை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள்: புள்ளி எட்டு. தோட்ட நிர்வாகம் வழங்கும் அரிசிக்கு விலை குறித்து அதைக் கூலியிலிருந்து பிடித்துக்கொண்டதால், கூலியின் பின்னம் அப்படியே சோற்றின் பின்னமாயிற்று. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்வது வழக்கமாக இருந்ததை ரேச்சல் குரியன் விரிவாகப் பதிவு செய்துள்ளார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இல்தான் வந்தது.

இடையில் 1973-74. உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, இலங்கை அரசு பங்கீட்டைக் குறைத்தது. ஊர்ப்புறச் சிங்களக் குடும்பத்துக்குக் கொல்லையில் பலாவும் மரவள்ளியும் இருந்தன. லயத்துக் குடும்பத்துக்கு ஓரடி நிலமில்லை. 1948 சட்டத்தால் குடியுரிமையும் இல்லை. வேலைநாள்கள் குறைந்தபோது தோட்டப்புறத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நகரங்களில் கையேந்தி நின்றனர். தோட்டத்துறை இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிட வெகுவாக உயர்ந்தது. பானைக்குள் என்ன வரும் என்பதை இனம் தீர்மானித்ததற்கு இதைவிட வெளிப்படையான சான்று தமிழர் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பானையைச் சமைத்தவள் அதிகாலையில் எழுந்து, பறித்து, சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்பு மூட்டினாள்.

புள்ளி எட்டு என்ற எண் அறிவியலிலும் இடம்பெற்ற கதை தனியானது. 1890களில் அமெரிக்க ஊட்டவியலாளர் அட்வாட்டர், குடும்பங்களின் உணவை ஒப்பிடுவதற்காக ஓர் ஆணின் தேவையை 1 என்றும் பெண்ணின் தேவையை 0.8 என்றும் கொண்டார். குன்னூரில் இயங்கிய ஊட்டவியல் ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்டு, 1937இல் வெளியிட்ட புகழ்பெற்ற கையேட்டில், இந்தியக் குடும்ப உணவாய்வுக்கும் இதே வகை அலகையே பயன்படுத்தினார்: வளர்ந்த ஆண் 1.0, வளர்ந்த பெண் 0.8. தோட்டக் கூலிச் சட்டத்துக்கும் இந்த அலகுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் வாதிடவில்லை. உடல் எடை வேறுபாட்டால் பெண்ணின் சராசரி ஆற்றல் தேவை ஆணைவிடக் குறைவு என்பதும் உண்மையே. என் கேள்வி வேறு. பின்னாளைய இந்திய நுகர்வு அலகுகளில் கடும் உழைப்புச் செய்யும் ஆண் 1.6, கடும் உழைப்புச் செய்யும் பெண் 1.2, அமர்ந்து வேலை செய்யும் பெண் 0.8. ஒரே பெண் எந்த வரிசையில் வைக்கப்படுகிறாள் என்பதைப் பொறுத்து அவள் தேவை ஒன்றரை மடங்கு மாறுகிறது. தண்ணீர் சுமப்பது, விறகு பொறுக்குவது, நெல் குத்துவது, ஆட்டுக்கல்லில் மாவரைப்பது ஆகியவை எந்த வரிசை? வீட்டுவேலை என்ற தலைப்பின்கீழ் வந்ததால் அவை உழைப்பாகவே எண்ணப்படாமல் போவது எளிது. அவ்வாறு போகும்போது ஒரு குடும்பத்தின் மொத்தத் தேவை குறைவாகக் கணக்கிடப்பட்டு, பற்றாக்குறையுள்ள வீடு நிறைவான வீடாக அட்டவணையில் இடம்பெறும். வட ஆர்க்காட்டில் நெடுங்காலம் ஆய்வு செய்த பார்பரா ஹாரிஸ் குடும்பத்துக்குள் பசி பங்கிடப்படும் முறை குறித்து 1990இல் எழுதிய கட்டுரையை இந்தப் பின்னணியில் மீண்டும் வாசிக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுகோடிக்குத் திரும்புவோம். 1950களில் இங்கு எழுந்த மைக்கோ தொழிற்சாலைதான் நெடுங்காலம் இவ்வட்டாரத்தின் அடையாளம். இன்று அதே வளாகத்தில் பாஷ் நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகம் வேண்டும் என்று விதிக்க வழி செய்தது. இத்தகைய ஆலைகளின் நிரந்தர வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. அதாவது ஒரு வேளை உணவுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு பெற்றவன் ஆண். அவ்வீட்டிலிருந்தோ பக்கத்துச் சந்திலிருந்தோ கோரமங்களாவின் அடுக்ககங்களுக்குப் பாத்திரம் துலக்கச் சென்ற பெண்ணுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. அவளுக்கு அந்த வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் முந்தைய நாள் மீதம். பல வீடுகளில் தனித் தட்டில். விடியுமுன் தெருவைக் கூட்டத் தொடங்கும் பௌரகார்மிகர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, தாம் உண்ணாமல் வந்து நிற்கிறார்கள்.

2013 ஜூலையில் கர்நாடக அரசு அன்னபாக்கியத் திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் கூடுதலாக ஆளுக்கு 5 கிலோ தருவதாக அறிவித்தபோது, ஒன்றிய அரசின் கிடங்கிலிருந்து அரிசி வாங்க முடியாமல், கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாயைக் குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கில் செலுத்திற்று. 2025இல் மீண்டும் அரிசியாகவே வழங்கத் தொடங்கியது. அதே 2023 ஆகஸ்டில், பெண் தலைவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருகலட்சுமித் திட்டமும் வந்தது. அரிசி மேலா, பணம் மேலா என்று பொருளியலாளர்கள் வாதிடுவது வழக்கம். கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கலாம். பணம் கடனுக்கும் மருந்துக்கும் மதுக்கடைக்கும் போகும் வழிகள் பல. அரிசிக்கு அத்தனை வழிகள் இல்லை. இது என் சார்பு என்று கொள்ளலாம்; தோட்டச் சம்பளத்தைக் கணவன் கையெழுத்திட்டு வாங்கிய வரலாற்றைப் படித்தவனின் சார்பு.

ஆளுக்கு 5 கிலோ என்ற சமன்பாடு கடைவாசல்வரை மெய்யானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. மாதவிலக்கும் மகப்பேறும் இந்த இடைவெளியின் ஒரு பகுதியை விளக்கும், முழுவதையும் விளக்கா. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு எனப்படும் நெடுங்காலக் குடும்ப ஆய்வு, வீட்டில் ஆண்கள் முதலில் உண்கிறார்களா, எல்லோரும் சேர்ந்தா என்று நேரடியாகக் கேட்டது. அவ்வாறு கேட்ட பேராய்வுகள் வெகு சில.

உணவுப் பாதுகாப்பின்மைக்கான வழக்கமான வினாத்தாளோடு இந்தத் தெருக்களில் நடந்தபோது எனக்கு ஒன்று பழகிப்போயிற்று. கடந்த மாதத்தில் வீட்டில் யாரேனும் ஒரு வேளை உண்ணாமல் இருந்ததுண்டா என்று கேட்டால், கதவருகில் நிற்கும் பெண் இல்லை என்பார். இன்று காலை நீங்கள் என்ன உண்டீர்கள் என்று தனியே கேட்டால், தேநீர் என்பார். வினாத்தாளில் முதல் விடைக்குக் கட்டம் உண்டு. இரண்டாவதை நான் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.